தோல் கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் வெங்காயச் சோதனையும் வெட்டிவேர் நடவும்

பாலாற்றை ஒட்டி எங்களுக்கு இருக்கும் பன்னிரண்டு சென்ட் நிலத்தில் வெட்டிவேர்ப் புல் இப்போது ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மழைக் காலத்தில் அந்த நிலத்து மண் கரைந்து வாய்க்காலில் இறங்குவது பெருமளவு குறைந்துவிட்டது. தோல் கழிவுநீரோடு வந்து மண்ணில் படிந்த குரோமியம் என்ற உலோகமோ ஏறக்குறைய இருந்த அளவிலேயே இருக்கிறது. செடி வைத்தால் மண்ணின் நஞ்சை அது உறிஞ்சி எடுத்துவிடும் என்று நம்பி என்னிடம் வழி கேட்பவர்களிடம் இந்த மூன்றையும் சேர்த்தே சொல்லி வருகிறேன். எந்தக் கருவியால் எதை அளந்தேன், எவ்வளவு செலவானது, எந்த அளவு என்னைத் தவறான பக்கம் இழுத்துச் சென்றது என்பவற்றை வரிசையாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நிலத்தின் முன்கதை எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் புதிதன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் சல்பேட்டுக்கு மாறினார்கள். பழைய முறையில் தொட்டியில் போடும் குரோமியத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடுதான் தோலில் ஏறும்; மீதி கழிவுநீரோடு போகும். அதற்கு முன்பே, பச்சைத் தோல் அழுகாமல் இருக்கத் தடவிய உப்பின் பெரும்பகுதி முதல் கழுவலிலேயே வெளியேறிவிடும். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்த வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகள் பற்றி வழங்கிய தீர்ப்பில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய முதற்கட்டக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. எங்கள் பன்னிரண்டு சென்ட் அந்தக் கணக்கின் ஓரத்தில் எங்காவது இருந்திருக்கும். வாய்க்காலில் இன்று கழிவுநீர் வருவதில்லை. அந்நாளில் வந்து படிந்தது மட்டும் மண்ணில் கிடக்கிறது.

தொடங்கும்போது நிலம் முழுவதும் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. மண் மாதிரிகளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு மணிக்கு 1,200 ரூபாய் வாடகையில் ஜே.சி.பி. வைத்து வேரோடு பிடுங்க வைத்தேன். வரிசை தலைகீழாகிவிட்டது. ஜே.சி.பி.யின் வாளி மேல் மண்ணைக் கீழேயும் கீழ் மண்ணை மேலேயும் புரட்டிவிட்டதால், முதல் அறிக்கையில் இருந்த எண்கள் அந்த நிலத்துக்கு உரியவையாக இல்லாமல் போயின. புதர் அகற்றி, ஒரு மழை பெய்து மண் அமர்ந்த பிறகே மறுபடியும் மாதிரி எடுக்க வேண்டியிருந்தது.

மாதிரி எடுக்கும் கருவியை வீட்டிலேயே செய்தேன். ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயில் 30 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி, ஒரு முனையை அரத்தால் சாய்வாகத் தீட்டி, 20 செ.மீ. உயரத்தில் நிரந்தர மையால் கோடு போட்டேன். குழாயை நிலத்தில் நிறுத்தி, மேலே ஒரு பலகைத் துண்டை வைத்து மரச்சுத்தியால் கோடு வரை இறக்கி, திருகி எடுத்தால் 20 செ.மீ. ஆழத்து மண் குழாய்க்குள் நிற்கும். மண் ஈரமாக இருந்தால்தான் இது நடக்கும், காய்ந்த மண்ணில் குழாய் பிளந்துவிடும். வாய்க்காலுக்கு இணையாக நிலத்தை ஐந்து பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எட்டு இடங்களில் எடுத்த மண்ணைப் பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை விலக்கிக்கொண்டே வந்து கடைசியில் அரைக் கிலோ மண்ணை மட்டும் அனுப்பினேன். வேளாண் துறையின் மண் ஆய்வகத்தில் கார அமில நிலையும், உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறனும், பேரூட்டச் சத்துகளும் பார்த்துத் தந்தார்கள். குரோமியத்துக்குத் தனியார் ஆய்வகத்தை நாட வேண்டியிருந்தது. அங்கே ஒரு மாதிரிக்கு 900 ரூபாய்.

வாய்க்கால் ஓரப் பட்டையில் மொத்தக் குரோமியம் கிலோ மண்ணுக்கு 480 மில்லிகிராம். அடுத்தடுத்த பட்டைகளில் 310, 210, 120 என்று இறங்கி, சாலையோரக் கடைசிப் பட்டையில் 85. எந்த அளவுக்கு மேல் பயிரிடக் கூடாது என்று தெரிந்துகொள்ள வெளிநாட்டு வரையறைகளைப் பார்த்தேன். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கனடா விளைநிலத்துக்கு வழிகாட்டும் அளவாக மொத்தக் குரோமியம் 64 மில்லிகிராம் என்கிறது. நெதர்லாந்தோ எளிதில் நீரில் கரையாத வடிவமான மூவிணைதிறக் குரோமியம் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் தலையிட வேண்டும் என்கிறது. முதலாவதன்படி என் நிலம் முழுவதும் ஆகாது. இரண்டாவதன்படி இரண்டு பட்டைகள் தேறும். மொத்த அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, அந்தக் குரோமியம் செடியின் வேருக்கு எட்டுகிற வடிவில் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதால்தான் வெங்காயச் சோதனைக்குப் போனேன்.

வெங்காயத்தின் வேர் வளர்ச்சியைக் கொண்டு நீரின் நச்சுத்தன்மையை அளப்பது ஆய்வகங்களில் நெடுங்காலமாக நடக்கும் முறை. வீட்டில் செய்வதற்குச் சின்ன வெங்காயமே வசதியானது. ஒரே மூட்டையிலிருந்து, ஒரே அளவில், இரண்டு செ.மீ. விட்டத்துக்கு மிகாமல், முளை விடாத வெங்காயங்களைப் பொறுக்கினேன். அடித்தட்டில் காய்ந்திருக்கும் பழைய வேர்களைச் சவர பிளேடால் சுரண்ட வேண்டும். அதைச் சுற்றியுள்ள வெளிறிய வளையத்தில் பிளேடு படக் கூடாது, புதிய வேர் அங்கிருந்துதான் கிளம்பும். காய்ந்த மண் ஒரு பங்கு, மழைநீர் ஐந்து பங்கு என்று எடைபோட்டு, மூடியுள்ள பாட்டிலில் நன்றாகக் குலுக்கி, ஓர் இரவு தெளியவிட்டு, மேல் நீரை இரட்டைத் துணியில் வடிகட்டினேன். சிறிய கண்ணாடிக் குவளைகளில் அந்த நீரை விளிம்பு வரை ஊற்றி, அடித்தட்டு மட்டும் நீரில் தொடுமாறு வெங்காயத்தை வாயில் உட்கார வைத்து, வெயில் படாத இடத்தில் விட்டு, நாள்தோறும் நீரை மாற்றினேன். நான்காம் நாள் ஒவ்வொரு வெங்காயத்திலும் நீளமான ஐந்து வேர்களை அடிக்கோலில் அளந்து சராசரி எடுத்தேன். ஒரு மண்ணுக்கு ஆறு வெங்காயமாவது வைத்தால்தான் எண் நம்பத்தக்கதாக இருக்கும், ஏனென்றால் எந்தத் தொகுதியிலும் ஒன்றிரண்டு வெங்காயம் காரணமில்லாமலே வேர் விடாமல் உட்கார்ந்திருக்கும்.

வெறும் மழைநீரில் வேர் 44 மி.மீ. வளர்ந்தது. சாலையோரப் பட்டையின் மண் சாற்றில் 39, நடுப்பட்டையில் 27, வாய்க்கால் ஓரத்தில் 18. குரோமியம் ஏறுகிற வரிசையிலேயே வேர் குறைந்துகொண்டு வந்ததைப் பார்த்ததும், 900 ரூபாய் கொடுத்து ஆய்வகம் சொன்னதை ஒரு கைப்பிடி வெங்காயமும் சொல்லிவிட்டது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே சாறுகளில் 1,400 ரூபாய்க்கு வாங்கிய பையளவு மின் கடத்தும் திறன் மானியை வைத்துப் பார்த்தபோது, வாய்க்கால் ஓரச் சாறு 3.4 டெசி சைமன்/மீட்டர் காட்டியது. சாலையோரச் சாறு 0.5 மட்டுமே. குரோமியம் ஏறிய வரிசையிலேயே உப்பும் ஏறியிருந்தது. இரண்டும் ஒரே கழிவுநீரில் வந்தவை ஆயிற்றே.

எது வேரைத் தடுத்தது என்று பிரித்துப் பார்ப்பது கடினமாக இல்லை. மழைநீரில் கல்லுப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து, மானி அதே 3.4 காட்டும்வரை கொண்டுவந்து, அதில் வெங்காயத்தை வைத்தேன். குரோமியமே இல்லாத அந்த உப்பு நீரில் வேர் 20 மி.மீ. அடுத்து வாய்க்கால் ஓர மண்ணையே அடியில் துளையிட்ட வாளியில் நிரப்பி, வடியும் நீரின் அளவு 0.6க்குக் கீழே இறங்கும்வரை மழைநீரை ஊற்றி ஊற்றி உப்பைக் கழுவினேன். கழுவிய மண்ணின் சாற்றில் வேர் 40 மி.மீ. வளர்ந்தது. கழுவிய மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பியபோது மொத்தக் குரோமியம் 465. உப்பு போய்விட்டது, குரோமியம் ஏறத்தாழ முழுவதும் அங்கேயே இருக்கிறது, வெங்காயமோ நன்றாக வேர் விடுகிறது.

இதிலிருந்து எனக்கு உறுதியானவை இரண்டு. முதலாவது, உப்பும் உலோகமும் கலந்த நிலத்தில் செடியை அளவுகோலாக வைத்தால் அது முதலில் உப்பையே அளக்கும். அதே மின் கடத்தும் திறனுள்ள உப்பு நீரை ஒப்பீட்டுக்கு வைக்காத எந்தச் செடிச் சோதனையையும் எங்கள் வட்டாரத்தில் நம்பக் கூடாது. இரண்டாவது, என் மண்ணில் உள்ள குரோமியம் நீரில் கரையாத மூவிணைதிற வடிவில் மண்ணோடு இறுகிக் கிடக்கிறது. கரையக்கூடியதும் உயிருக்குக் கேடானதுமான அறுவிணைதிறக் குரோமியம் இருக்கிறதா என்று இரண்டு மாதிரிகளை, ஒன்றுக்கு 1,500 ரூபாய் கொடுத்து, தனியாகச் சோதிக்கச் செய்தேன்; கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று வந்தது. வெங்காயம் அறுவிணைதிறக் குரோமியத்துக்கு எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் ஒரு தொகுதி வைக்கும்படி ஒரு நண்பர் சொன்னார். புற்றுநோய் உண்டாக்கும் அந்தச் சேர்மத்தை வீட்டுத் திண்ணையில் வைத்துக் கையாளவும், பிறகு எங்காவது கொட்டவும் எனக்கு மனமில்லை.

உறிஞ்சி எடுக்க முடியுமா என்ற கேள்வி அப்போதும் மீதி இருந்தது. கழுவிய வாய்க்கால் ஓர மண்ணைச் சிமெண்டுத் தொட்டிகளில் நிரப்பிக் கடுகு, சூரியகாந்தி, துலுக்கச் செவந்தி, ஆமணக்கு, வெட்டிவேர் ஆகிய ஐந்தையும் வளர்த்தேன். கடுகு முதலில் பூத்தது. இலைகளைப் பறித்து நிழலில் காயவைத்து, மிக்ஸியில் பொடித்து, ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கிலோ உலர் இலைக்குக் குரோமியம் 49 மில்லிகிராம் என்று வந்தது. அறிக்கையில் வேறு சில உலோகங்களும் சேர்ந்தே வரும். அதில் நிக்கல் 10 என்று இருந்ததுதான் உறுத்தியது. தோல் தொழிற்சாலைக் கழிவில் நிக்கலுக்கு என்ன வேலை?

விடை மிக்ஸி ஜாரில் இருந்தது. பரவலாகப் பயன்படும் ஒரு வகை எவர்சில்வரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் இருக்கும். காய்ந்த இலையோடு ஒட்டியிருக்கும் மணல் துகள் பிளேடையும் ஜாரின் உட்சுவரையும் தேய்க்கும்போது உதிர்வது நேராக மாதிரிக்குள் போகிறது. மீதமிருந்த கடுகு இலையை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் மழைநீரில் மூன்று முறை அலசிக் காயவைத்து, ஒன்றை மிக்ஸியிலும் மற்றொன்றைப் பீங்கான் உரலிலும் பொடித்து அனுப்பினேன். அலசி மிக்ஸியில் பொடித்ததில் குரோமியம் 24, நிக்கல் 8. அலசிப் பீங்கான் உரலில் இடித்ததில் குரோமியம் 12, நிக்கல் 3. முதல் அறிக்கையின் 49 மில்லிகிராமில் 25 இலையின் மேல் படிந்த மண் தூசு, 12 மிக்ஸி, செடி உண்மையில் ஏற்றது மீதமிருந்த 12 மட்டுமே. கிலோவுக்கு 465 மில்லிகிராம் குரோமியம் உள்ள அந்தக் கழுவிய மண் இலையின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குச் சற்று மேல் ஒட்டியிருந்தாலே அந்த 25 வந்துவிடும். தரையை ஒட்டி வளரும் கடுகு இலையில் அவ்வளவு தூசு படிவது இயல்பு. செடி இவ்வளவு உலோகத்தை ஏற்றியது என்று யாராவது எண் காட்டினால், இலையை அலசினார்களா, எதில் பொடித்தார்கள் என்று கேட்ட பிறகே இப்போதெல்லாம் அந்த எண்ணைப் பார்க்கிறேன்.

மற்றவற்றையும் அலசிப் பீங்கான் உரலில் இடித்தே அனுப்பினேன். துலுக்கச் செவந்தி இலையில் 9, சூரியகாந்தியில் 7, ஆமணக்கில் 5, வெட்டிவேர்ப் புல்லின் தாளில் 4. வெட்டிவேரின் வேரில் மட்டும் 140. எவ்வளவு அலசினாலும் மெல்லிய வேரில் சிறிது மண் ஒட்டியிருக்கும் என்பதால் இந்த எண்ணில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். எப்படியும் குரோமியம் வேரோடு நின்றுவிடுகிறது, தாளுக்கு ஏறுவதில்லை என்பது தெளிவாயிற்று.

குரோமியத்தை மேலே ஏற்றுவதற்காக ஒரு கடுகுத் தொட்டியில் எலுமிச்சை உப்பைக் கிலோ மண்ணுக்கு ஐந்து கிராம் வீதம் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். ஊற்றிய உடனே மண் நுரைத்துப் பொங்கியது. எங்கள் மண்ணில் சுண்ணாம்பு அதிகம். 8.2ஆக இருந்த கார அமில நிலை மறுநாள் 7.6க்கு இறங்கி, ஒரு வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பியது. இலையில் குரோமியம் 12க்குப் பதில் 13. தொட்டிக்கு அடியில் வடிந்த நீர் பழுப்பாக இருந்ததால் அதோடு அந்த முயற்சியைக் கைவிட்டேன். உலோகங்களைப் பற்றிக் கரைக்கும் வேதிப்பொருளான இ.டி.டி.ஏ. போட்டால் உலோகம் கரையும் என்பது உண்மைதான். கரைந்த உலோகம் செடிக்கு ஏறுவதற்கு முன் மழையில் கிணற்றுக்கு இறங்கும் என்பதும் உண்மை. திறந்த நிலத்தில் அதைப் போடவே கூடாது என்பது என் முடிவு.

பிறகு ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். 20 செ.மீ. ஆழத்துக்கு 8 கன மீட்டர் மண். அளவு தெரிந்த குழாய்த் துண்டில் எடுத்துக் காயவைத்து எடைபோட்டதில் கன மீட்டருக்கு 1.3 டன் வந்தது. ஆக ஒரு சென்ட்டில் 10.4 டன் மண். கிலோவுக்கு 480 மில்லிகிராம் என்றால் அதில் கிடப்பது ஏறத்தாழ ஐந்து கிலோ குரோமியம். வெட்டிவேர் ஒரு சென்ட்டில் ஆண்டுக்கு 55 கிலோ உலர்ந்த தாள் தருகிறது என்று வைத்தால், கிலோவுக்கு 4 மில்லிகிராம் வீதம் அது வெளியே கொண்டுவருவது 0.22 கிராம். ஐந்து கிலோவை இப்படி எடுத்து முடிக்க இருபத்திரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கடுகை ஆண்டுக்கு இரண்டு போகம் போட்டு, மொத்தம் 20 கிலோ உலர் செடி எடுத்தாலும் 0.24 கிராம்தான். குரோமியத்தை மிகையாகச் சேர்க்கும் செடி என்று தாவரவியலாளர்கள் ஒன்றை ஏற்க அதன் உலர்ந்த இலையில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இப்போதைய வரையறை. அப்படி ஒரு செடி வெட்டிவேர் அளவுக்குத் தழைத்தால்கூட முந்நூறு ஆண்டு.

செடியால் உலோகத்தை எடுக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. டெரிஸ் விட்டேட்டா என்னும் பெரணி ஆர்சனிக்கைத் தன் இலைகளில் ஏராளமாகச் சேர்ப்பதை 2001இல் ஃபுளோரிடாவில் கண்டறிந்தார்கள். அல்பேனியாவின் நிக்கல் மிகுந்த மண்ணில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு கடுகுக் குடும்பச் செடியைப் பயிரிட்டு, அறுத்து, எரித்து, சாம்பலிலிருந்து நிக்கல் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த உலோகமும் அந்தச் செடியும் பொருந்துகின்றன. சுண்ணாம்பு மண்ணில் இறுகிய மூவிணைதிறக் குரோமியத்துக்கு அப்படிப் பொருந்தும் செடி என் கைக்கு எட்டவில்லை. எனவே குரோமியத்தை எடுப்பது என்ற நோக்கத்தை விட்டுவிட்டு, அது தூசாகவும் சேறாகவும் அடுத்தவர் நிலத்துக்கும் ஆற்றுக்கும் போகாமல் அங்கேயே நிறுத்துவது என்ற வேலைக்கு இறங்கினேன்.

முதலில் உப்பு. பன்னிரண்டு சென்ட்டையும் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்புக் கட்டி, ஐம்பது கிலோ ஜிப்சம் மூட்டைகள் ஐந்தை, மூட்டை 280 ரூபாய் வீதம் வாங்கித் தூவி, ஆடி மழையை உள்ளேயே தேங்க வைத்தேன். கழுவப்படும் உப்பு நிலத்தடி நீருக்குத்தான் போகும். எங்கள் கிணறு ஏற்கெனவே 4.8 டெசி சைமன் காட்டுவதால் இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நல்ல கிணறு பக்கத்தில் இருப்பவர்கள் இதைச் செய்யும் முன் இருமுறை யோசிக்க வேண்டும். தண்ணீர் வடிந்த ஈரத்தில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு இரண்டரைக் கிலோ விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதேன். வாய்க்கால் ஓரத்தில் மட்டும் அது திட்டுத்திட்டாகவே முளைத்தது.

ஐப்பசியில் வெட்டிவேர் நட்டேன். கடலூர்க் கடற்கரைப் பக்கத்திலிருந்து 1,200 தூர்களை, தூர் இரண்டு ரூபாய் வீதம் வரவழைத்தேன், வண்டிக்கு 600. ஒவ்வொரு தூரையும் இரண்டு மூன்று சிம்புகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேரை மூன்று விரற்கடைக்கு மேல் இல்லாமல் வெட்டி, வெள்ளையாகப் புது வேர் முனை தெரியும்வரை சாணிப்பாலில் வேர்ப் பகுதி மூழ்க நிற்க வைத்தேன். சரிவுக்குக் குறுக்காக, ஒரு மீட்டருக்கு ஒரு வரிசையாக, வரிசைக்குள் 15 செ.மீ. இடைவெளியில் நட்டோம். வாய்க்கால் ஓரத்தில் மட்டும் இரண்டு வரிசைகளை நெருக்கி வைத்தோம். நடவுக்குக் கூலி 2,400 ரூபாய். தை முடிவதற்குள் மற்ற இடங்களில் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்துபோனது. கோடையில் பார்க்கப் பொறுக்காமல் கிணற்று நீரைச் சில முறை பாய்ச்சினேன். அது பயனில்லாததோடு கெடுதலும் செய்தது. நீர் ஆவியானதும் வரிசையோரத்தில் வெள்ளை உப்பு பூத்து, பிடித்திருந்த தூர்களிலும் நுனி கருகியது. நீரை நிறுத்தி, அறுத்த தாளைக் கனமாக மூடாக்குப் போட்டதும்தான் நிலைமை திரும்பியது. தூர் காய்ந்து போக்கு விட்ட இடங்களை அடுத்த மழையில், தழைத்த தூர்களிலிருந்தே பிரித்து நட்டு நிரப்பினோம். இரண்டாவது முறை காய்ந்தது மிகக் குறைவு.

வேலை நடக்கிறதா என்று அளக்க ஒரு எளிய ஏற்பாடு செய்தேன். நிலத்தின் தாழ்வான ஓரத்தில் வரப்பில் ஒரு மடை விட்டு, அதன் வாயில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை, வாய் தரை மட்டத்தில் இருக்குமாறு புதைத்தேன். கனமழை விட்டதும் பாட்டிலை எடுத்து, தெளிய வைத்து, அடியில் தங்கிய மண்ணைக் காயவைத்து எடைபோட்டேன். நடவுக்கு முன் லிட்டருக்கு 11 கிராம் மண் வந்தது. இரண்டாம் மழைக்காலம் முடியும்போது 1.5 கிராம். கிலோவுக்கு 480 மில்லிகிராம் என்ற கணக்கில், ஒரு லிட்டர் ஓடுநீரோடு வாய்க்காலுக்குப் போன குரோமியம் 5.3 மில்லிகிராமிலிருந்து 0.7க்கு இறங்கியிருக்கிறது. மழைக்கு மழை வேகம் மாறும் என்பதால் இரண்டு எண்களையும் நூலளவு துல்லியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் கிலோ கணக்கில் கிடக்கும் குரோமியத்தில் ஆண்டுக்குக் கால் கிராம் எடுப்பதைவிட, மழை தோறும் கரைந்துபோவதை ஏழில் ஒரு பங்காக்குவது மிகப் பெரிய காரியம்.

வெங்காயச் சோதனையை மழைக்கு முன்னும் பின்னும் இன்றும் வைக்கிறேன், உப்பு ஒப்பீட்டோடு. வாய்க்கால் ஓரத்து மண் சாறு 3.4 டெசி சைமனிலிருந்து 1.3க்கு இறங்கியிருக்கிறது, வேர் 18 மி.மீ.இலிருந்து 33க்கு வந்திருக்கிறது. அதே 1.3 அளவுள்ள உப்பு நீரிலும் வேர் 34தான். இந்த இரண்டு எண்களும் ஒட்டியே போகும்வரை எனக்குக் கவலையில்லை. மண் சாற்றில் வேர் என்றைக்காவது உப்பு நீரில் உள்ளதைவிடத் தெளிவாகக் குட்டையாகிவிட்டால், கரையும் குரோமியம் தலைகாட்டியிருக்கலாம் என்று பொருள்; அன்றைக்கு 1,500 ரூபாய் ஆய்வுக்கு மாதிரி போகும்.

அறுத்த தாளை அதே நிலத்திலேயே மூடாக்காகப் போடுகிறேன். மாட்டுக்குப் போடுவதில்லை. எரிப்பதும் இல்லை: குரோமியம் உள்ள எதையும் காற்றோட்டமாக எரித்தால், சுண்ணாம்புத் தன்மையுள்ள சாம்பலில் மூவிணைதிறக் குரோமியம் அறுவிணைதிறமாக மாற வழியுண்டு, இத்தனை காலம் மண்ணில் அடங்கிக் கிடந்ததை நாமே கேடாக்கிக்கொள்வதாகும். வேர்தான் பெரிய தலைவலி. புல் நன்றாக நிற்பதைச் சாலையிலிருந்து பார்த்துவிட்டு வேர் வியாபாரிகள் வந்து, "எப்போ தோண்டுறீங்க ஐயா, நாங்களே ஆள் வெச்சு எடுத்துக்கறோம்" என்று முன்பணத்தோடு நிற்கிறார்கள். குடிநீர்ப் பானையிலும் குளியல் பொடியிலும் போய்ச் சேரும் வேர் அது. கிலோவுக்கு 140 மில்லிகிராம் குரோமியத்தை வைத்துக்கொண்டு அதை விற்க முடியாது. தோண்டினால் நிறுத்தி வைத்த மண்ணும் மறுபடி கிளறப்படும். ஏற்கெனவே நிலத்து மூலையில் "வேர் விற்பனைக்கு அல்ல, மண் கெட்ட நிலம்" என்று பலகை நட்டிருக்கிறேன். சாலையோரப் பட்டையில் துலுக்கச் செவந்தி போட்டுப் பூவை மட்டும் விற்கிறேன். கீரையும் கிழங்கும் பன்னிரண்டு சென்ட்டில் எங்கும் கிடையாது.

செலவைக் கூட்டினால் ஜே.சி.பி. 3,600, ஜிப்சம் 1,400, தக்கைப்பூண்டு விதை 250, தூரும் வண்டியும் 3,000, நடவுக் கூலி 2,400, மானி 1,400, மண் ஆய்வு 7,200, இலை, வேர் ஆய்வு 9,900, அறுவிணைதிறச் சோதனை 3,000. மொத்தம் 32,150 ரூபாய். இதில் 20,100 ஆய்வகத்துக்குப் போனது. எந்த மாதிரியை அனுப்புவது என்று தெரியாமல் அனுப்பியதே அதில் பாதி.

மறுபடி தொடங்குவதாக இருந்தால் புதரை ஜே.சி.பி. வைத்துப் பிடுங்காமல் தரை மட்டத்தில் அறுத்து, துளிர்க்கத் துளிர்க்க வெட்டுவேன். கூலி கூடினாலும் மண் புரளாது. மானியை முதல் நாளே வாங்குவேன். ஐந்து பட்டைக்கும் குரோமியம் பார்ப்பதற்குப் பதில், மானியும் வெங்காயமும் காட்டும் இரண்டு ஓரங்களை மட்டும் அனுப்புவேன். ஐந்து வகைச் செடி வளர்த்து இலையைச் சோதிக்கும் முன்பே, ஒரு சென்ட்டில் எத்தனை கிலோ உலோகம், ஆண்டுக்கு எத்தனை கிலோ தாள் என்ற பெருக்கல் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டிருப்பேன். நடவில், வாய்க்கால் ஓரத்துக்கு வெற்றுத் தூருக்குப் பதில் பைகளில் மூன்று மாதம் வேர் ஓடவிட்ட நாற்றையே வைப்பேன். ஒரு நாற்றுக்கு எட்டு ரூபாய் ஆனாலும், அந்த இரண்டு வரிசைக்கு முந்நூறு நாற்று போதும். இந்த ஐப்பசிக்கு மீதமுள்ள போக்கிடங்களுக்காக நாற்பது பைகள் இப்போதே கொட்டகை நிழலில் வேர் விட்டுக்கொண்டிருக்கின்றன. பைக்கான மண்ணை மட்டும் வேறு நிலத்திலிருந்து கொண்டுவந்தேன்.